எட்கர் ஆலன் போ: பொய் சொல்லும் கதைசொல்லிகளை உருவாக்கியவர்... அவர் வாழ்க்கையையே பொய்யாக எழுதி வைத்த எதிரி! என்ன நடந்தது?

1849 அக்டோபர் 3. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அன்று தேர்தல் நாள். வாக்குச்சாவடியாக மாற்றப்பட்டிருந்த ஒரு மதுக்கூடத்தில், யாரோ ஒருவர் நினைவு தடுமாறிய நிலையில் கிடக்கிறார். உடம்பில் இருப்பது அவருடைய துணியே இல்லை. அளவு சரியில்லாத, அழுக்கேறிய வேறு யாருடைய உடையோ அது.

அவரை அடையாளம் கண்டவர், நாளிதழ் ஒன்றில் அச்சுக் கோப்பவராக இருந்த ஜோசப் வாக்கர். நாடு முழுக்கத் தெரிந்த கவிஞர் இவர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே தெரிந்த டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். மருத்துவமனையில் சேர்த்தும் பலனில்லை. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 7 ஞாயிற்றுக்கிழமை, 40 வயதில் எட்கர் ஆலன் போ இறந்துபோனார்.

பால்டிமோர் வருவதற்கு முந்தைய நாட்களில் அவர் எங்கே இருந்தார், யாருடன் இருந்தார், எப்படி இந்த நிலைக்கு வந்தார்? 170 வருடம் தாண்டியும் விடை கிடையாது. அவராலும் அதை ஞாபகப்படுத்திச் சொல்ல முடியவில்லை.

இதில் பெரிய ட்விஸ்ட் அடுத்த இரண்டு நாளில் வந்தது. ஒரு பேப்பரில் இரங்கல் கட்டுரை வெளியானது. எழுதியவர் எட்கரின் பரம எதிரி. அங்கே ஆரம்பித்த பொய், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது.

(தமிழில் 'போ' என்று எழுதினால் ஒவ்வொரு வரியிலும் குழப்பம் வரும். அதனால் இங்கே எட்கர் என்றே வைத்துக்கொள்வோம்.)

யார் இந்த எட்கர்?

1809 ஜனவரி 19, பாஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே நாடக நடிகர்கள். அப்பா சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா எலிசா 1811 டிசம்பரில் ரிச்மண்ட் நகரில் இறந்தார். காசநோய்தான் காரணம் என்று கருதப்படுகிறது. அப்போது எலிசாவுக்கு 24 வயது, எட்கருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

அண்ணன், தங்கை, எட்கர் என்று மூன்று பிள்ளைகளும் மூன்று வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். எட்கரை எடுத்து வளர்த்தவர் ஜான் ஆலன், புகையிலை வியாபாரி. நடுவில் இருக்கும் 'ஆலன்' அவர் பெயர்தான். ஆனால் சட்டப்படி அவர் தத்தெடுக்கவே இல்லை. பணக்கார வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளையா இல்லையா என்று தெரியாமலே வளர்ந்தார் எட்கர்.

1826-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆலன் கொடுத்த பணம் போதவில்லை. மீதியைச் சீட்டாட்டத்தில் பிடிக்கப் பார்த்து, 2,000 டாலர் அளவுக்குக் கடனில் மாட்டினார். ஆலன் கடனை அடைக்க மறுத்தார். படிப்பு ஒரே வருடத்தில் நின்றது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், எட்கர் வீட்டை விட்டு வெளியேறினார்.

1827-ல் ராணுவத்தில் சேர்ந்தார், பொய்ப் பெயரில். எட்கர் ஏ. பெர்ரி, வயது 22 என்று பதிவு செய்தார். உண்மையில் வயது 18. அதே வருடம் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அதிலும் பெயர் இல்லை, பாஸ்டன்காரர் ஒருவர் என்று மட்டும் அட்டையில் இருந்தது.

ராணுவத்தில் அவர் சோடை போகவில்லை. சார்ஜென்ட் மேஜர் பதவி வரை உயர்ந்து, தனக்குப் பதிலாக ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, 1829-ல் முறைப்படி விடுவிக்கப்பட்டார். அடுத்து வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. அது பிடிக்கவில்லை. வகுப்புக்கும் அணிவகுப்புக்கும் போகாமல் இருந்து, 1831-ல் அவராகவே வெளியேற்றத்தை வரவழைத்துக்கொண்டார். 1834-ல் ஜான் ஆலன் இறந்தபோது உயிலில் எட்கருக்கு ஒரு பைசாகூட இல்லை.

கதை சொல்பவனை நம்பலாமா?

இன்றைக்கு 'மெமெண்டோ', 'ஃபைட் கிளப்', 'ஷட்டர் ஐலேண்ட்' மாதிரிப் படங்களில் ஒரு பொதுவான விஷயம் உண்டு. கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோமோ, அந்த ஆளையே நம்ப முடியாது. ஞாபகம் தப்பலாம், பித்து பிடித்திருக்கலாம், தெரிந்தே பொய் சொல்லலாம். நம்பத்தகாத கதைசொல்லி என்கிறார்கள். இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத், 1961-ல்தான். ஆனால் சரக்கு பழசு. எட்கர் அதை 1830-களிலேயே கையில் எடுத்துவிட்டார்.

1835-ல் வந்த 'பெரனிஸ்' கதையைப் பாருங்கள். கதை சொல்பவனுக்கு, தான் மணக்கப்போகும் பெண்ணின் பற்கள் மீது வெறி. வேறு எதுவுமே மனதில் இல்லை, பற்கள்தான். அவள் இறந்து புதைக்கப்படுகிறாள். அன்று இரவு என்ன செய்தோம் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை. மேஜை மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கை தவறி அது விழுந்து உடைய, தரையெல்லாம் 32 பற்கள் சிதறுகின்றன. குற்றவாளி தானேதான் என்பதை, நமக்குத் தெரிகிற அதே நொடியில்தான் அவனும் தெரிந்துகொள்கிறான். பத்திரிகை வாசகர்கள் அப்போதே புகார் செய்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

1838-ல் வந்த 'லிஜீயா'வில், மனைவியை எங்கே, எப்போது சந்தித்தோம் என்பதே நினைவில் இல்லை என்றுதான் கணவன் ஆரம்பிக்கிறான். அவன் அபினுக்கு அடிமை என்பது பிறகு தெரியவரும். செத்தவள் திரும்பி வந்ததாக அவன் சொல்வதை நம்புவதா, அபின் பேசுகிறது என்று விடுவதா? எட்கர் பதில் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1843 ஜனவரியில் வந்த 'தி டெல்-டேல் ஹார்ட்'. சில பக்கக் கதைதான். ஒருவன் தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கப் படாத பாடு படுகிறான். ஆதாரமாக அவன் சொல்வது, கிழவர் ஒருவரை எவ்வளவு நிதானமாகத் திட்டம் போட்டுக் கொன்றேன் பாருங்கள் என்பதை! கிழவர் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, அவர் பணத்தின் மேல் ஆசையும் இல்லை. அவருடைய ஒரு கண் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உடலைத் தரைப்பலகைக்கு அடியில் மறைத்த பிறகு, போலீஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது செத்தவரின் இதயம் துடிக்கும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கிறது. அந்த இதயம் யாருடையது என்று வாசகரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் கதைக்கு எட்கருக்குக் கிடைத்த சம்பளம் 10 டாலர்.

இது தவிர, 1841-ல் வந்த 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்' நவீன துப்பறியும் கதைகளுக்கே முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஜப்பானின் துப்பறியும் எழுத்தாளர் ஒருவர் 'எடோகாவா ராம்போ' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எட்கர் ஆலன் போ என்று கேட்கும்.

24 வயது

எட்கரின் கதைகளில் இளம் மனைவிகள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்? அம்மா 24 வயதில் போனார். அண்ணன் ஹென்றி 1831-ல், அதே 24 வயதில். மிச்சம் இருந்தது அத்தை மரியா கிளெம்மும் அவர் மகள் வர்ஜீனியாவும்.

1836 மே மாதம் எட்கர் வர்ஜீனியாவை மணந்தார். அவருக்கு 27, அந்தப் பெண்ணுக்கு 13. திருமண ஆவணத்தில் மணப்பெண்ணுக்கு 21 வயது என்று சாட்சி சொல்லப்பட்டது. இதை மூடி மறைத்துப் பேச ஒன்றுமில்லை, குழந்தைத் திருமணம்தான். இருவரும் கடைசிவரை பிரியமாக இருந்தார்கள் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆவணம் பொய்.

1842 ஜனவரி. வர்ஜீனியா வீட்டில் பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று வாயில் ரத்தம். காசநோய். அடுத்த ஐந்து வருடம், இதோ தேறிவிட்டார் என்று தோன்றும், மறுபடி விழுவார். அந்த ஏற்ற இறக்கம்தான் தன்னைக் குடிக்க வைத்தது என்று பிற்பாடு எட்கரே ஒரு கடிதத்தில் விளக்கினார். சாவு வந்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம், வரும் வராது என்ற ஊசலாட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை என்பது அவர் வாதம்.

நடுவில், 1845 ஜனவரியில் 'தி ரேவன்' கவிதை வெளியாகி செம ஹிட். தெருவில் சிறுவர்கள்கூட அவரை அடையாளம் கண்டார்கள் என்பார்கள். வீட்டில் மட்டும் விறகுக்குக் காசில்லை. நியூயார்க் பக்கம் ஃபோர்டாம் கிராமத்துச் சின்ன வீட்டில், குளிருக்கு எட்கரின் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, சூட்டுக்காக வீட்டுப் பூனையை நெஞ்சோடு அணைத்தபடி வர்ஜீனியா வைக்கோல் மெத்தையில் படுத்திருந்ததை, பார்க்கப் போன தோழி மேரி கோவ் நிக்கல்ஸ் எழுதி வைத்திருக்கிறார். 1847 ஜனவரி 30 அன்று வர்ஜீனியா இறந்தார். வயது 24.

வில்லன் என்ட்ரி

ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். பத்திரிகையாளர், தொகுப்பாசிரியர், மதபோதகராக உரிமம் பெற்றவர். 1842-ல் அமெரிக்கக் கவிஞர்கள் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் எட்கரின் கவிதைகளும் உண்டு. ஆனால் தேர்வு சரியில்லை என்று எட்கர் எழுதினார், மேடை போட்டும் பேசினார். எட்கர் விலகிய 'கிரஹாம்ஸ்' பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் இதே கிரிஸ்வோல்ட்தான், எட்கரைவிட அதிகச் சம்பளத்தில். பகை முற்றியது.

எட்கரின் பேனா லேசுப்பட்டதும் அல்ல. பெரிய பெரிய கவிஞர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர் அவர். சேர்த்து வைத்த எதிரிகள் ஏராளம். கிரிஸ்வோல்ட் அதில் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

இந்த மனிதரே எட்கர் கதையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார். 1842 நவம்பரில் முதல் மனைவி இறந்தபோது, 40 நாள் கழித்துக் கல்லறையைத் திறக்க வைத்து, சவப்பெட்டிக்குள்ளிருந்த மனைவியின் தலைமுடியில் ஒரு கொத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அழுதார். 'பெரனிஸ்' அதற்கு ஏழு வருடம் முன்பே வந்துவிட்டது.

சரி, இரங்கல் கட்டுரைக்கு வருவோம். 1849 அக்டோபர் 9 அன்று 'நியூயார்க் ட்ரிப்யூன்' பேப்பரில், 'லுட்விக்' என்ற புனைபெயரில் அது வெளிவந்தது. எட்கர் செத்துவிட்டார், ஆனால் வருத்தப்பட ஆள் அதிகம் இருக்காது என்ற தொனியில் ஆரம்பித்து, தெருவில் தனக்குத்தானே முணுமுணுத்தபடி அலையும் ஒரு பித்தனின் சித்திரத்தை அது வரைந்தது. மற்ற பேப்பர்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. லுட்விக் யார் என்பது சீக்கிரமே வெளியே வந்துவிட்டது.

அத்தோடு விட்டாரா? இல்லை. எட்கரின் படைப்புகளைத் தொகுக்கும் பொறுப்பும் அவர் கைக்கே போனது. எட்கரே தன்னை நியமித்ததாக அவர் சொல்லிக்கொண்டார். உரிமையைக் கொடுத்தவர் மாமியார் மரியா கிளெம். அவருக்குப் பணம் வரவில்லை, விற்றுக்கொள்ளச் சொல்லிப் புத்தகப் பிரதிகள்தான் வந்தன. சட்டப்படி வாரிசு எட்கரின் தங்கை ரோசலி. அவரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

1850-ல் தொகுப்போடு சேர்த்து எட்கரின் வாழ்க்கை வரலாற்றையும் கிரிஸ்வோல்ட் எழுதினார். பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டார் என்றார். பொய். ராணுவத்தை விட்டு ஓடிப்போனார் என்றார். பொய். வளர்ப்புத் தந்தையின் இரண்டாவது மனைவியிடம் தப்பாக நடந்துகொண்டார் என்பதுபோல எழுதினார். அதற்கும் ஆதாரம் இல்லை. இவற்றுக்குப் பக்கபலமாக எட்கரின் கடிதங்களையும் அச்சிட்டார். கிரிஸ்வோல்டைப் புகழ்ந்தும், நண்பர்களை இகழ்ந்தும் அவற்றில் வரிகள் இருந்தன. அந்த வரிகளைச் சேர்த்தவர் கிரிஸ்வோல்ட்.

எட்கரைப் படிக்க வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும். வாங்கினால் இந்த வரலாறும் கூடவே வரும். கதைகளில் வரும் குடிகாரனும் கொலைகாரனும் எழுதியவர்தான் போல என்று மக்கள் நம்பினார்கள். எட்கர் கதைகளின் வெற்றியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

எட்கர் மட்டும் உத்தமரா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தன்னைப் பற்றி முதலில் கதை விட்டவர் எட்கரேதான். 1841-ல் கிரிஸ்வோல்ட் தொகுப்புக்காக அவர் ஒரு சுயகுறிப்பு எழுதிக் கொடுத்தார். அதில் பிறந்த வருடம் 1811. இரண்டு வயதைக் குறைத்துவிட்டார். கிரேக்க விடுதலைப் போரில் சேர வீட்டை விட்டுக் கிளம்பியதாகவும், அங்கே போக முடியாமல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போய்ச் சிக்கலில் மாட்டியதாகவும் அளந்துவிட்டார்.

அந்த நாட்களில் உண்மையில் அவர் எங்கே இருந்தார்? பெர்ரி என்ற பெயரில் அமெரிக்க ராணுவ முகாமில். சாதாரணச் சிப்பாயாக இருந்ததைச் சொல்ல அவருக்கு வெட்கம். அந்த ஓட்டையை அவர் ரஷ்யாவை வைத்து அடைத்தார். பிற்பாடு கிரிஸ்வோல்ட் அவதூறை வைத்து அடைத்தார்.

கடைசி நாட்கள்: இரண்டு டாக்டர், பல கதை

1849 ஆகஸ்டில் எட்கர் ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கம் ஒன்றில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார். செப்டம்பர் 27 அன்று அங்கிருந்து கிளம்பினார். அக்டோபர் 3 அன்று பால்டிமோர் மதுக்கூடம். நடுவில் வெற்றிடம்.

வாக்கர் சீட்டு அனுப்பிய டாக்டர் ஜோசப் ஸ்னோட்கிராஸ், மதுவிலக்குப் பிரச்சாரகர். எட்கரின் சாவைக் குடிக்கு எதிரான பாடமாகச் சொல்லிவந்தார். எட்கர் குடித்து மிருகம்போலக் கிடந்ததாக வாக்கரின் சீட்டில் இருந்தது என்று அவர் எழுதினார். அசல் சீட்டு பிறகு கிடைத்தது. நிலைமை மோசம், பெரிய அவதியில் இருக்கிறார், உடனே உதவி வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. குடி என்ற பேச்சே இல்லை.

மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஜான் மோரன். இவர் நேர் எதிர். எட்கரைக் காப்பாற்றப் புறப்பட்டவர். 1849-ல் மாமியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு மாதிரியும், 1875-ல் இன்னொரு மாதிரியும், 1885-ல் போட்ட புத்தகத்தில் வேறு மாதிரியும் சொன்னார். வருடம் ஏற ஏற எட்கரின் கடைசி வார்த்தைகள் நீண்டுகொண்டே போயின! ஒருவர் குடி என்று சத்தியம் செய்கிறார், இன்னொருவர் மது வாடையே இல்லை என்கிறார். மருத்துவமனைப் பதிவுகளும் இறப்புச் சான்றிதழும் இன்று இல்லை.

அதனால் ஊகங்கள்தான் மிச்சம். ஆளைப் பிடித்து அடைத்து, மது கொடுத்து, உடை மாற்றி மாற்றிக் கள்ள ஓட்டுப் போட வைக்கும் கும்பல்கள் அப்போது உண்டு. தேர்தல் நாள், மாற்று உடை, வாக்குச்சாவடி மூன்றும் அதோடு பொருந்துவதால் அந்த வாதத்துக்கு ஆதரவு அதிகம். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் பலர் இருக்கையில் அது எப்படி என்பது எதிர்க்கேள்வி. 1996-ல் மேரிலாந்து பல்கலைக்கழக டாக்டர் ஒருவர், அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம் என்றார். மூளைக்காய்ச்சல், தலையில் அடி என்று பட்டியல் நீளும். எதுவும் உறுதியாகவில்லை.

பொய் எப்படி உடைந்தது?

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் என்.பி. வில்லிஸும் ஜார்ஜ் கிரஹாமும் உடனே மறுத்து எழுதினார்கள். ஒரு காலத்தில் எட்கரை மணக்கச் சம்மதித்திருந்த கவிஞர் சாரா ஹெலன் விட்மன் 1860-ல் தனிப் புத்தகமே போட்டார். இங்கிலாந்தின் ஜான் இங்ரம் 1880-ல் விரிவான வாழ்க்கை வரலாறு கொண்டுவந்தார். கிரிஸ்வோல்ட் 1857-லேயே இறந்துவிட்டிருந்தார். அவரைக் கொன்றதும் காசநோய்தான்.

ஆனாலும் அடி விழுந்தது 1941-ல்தான். பேராசிரியர் ஆர்தர் ஹாப்சன் க்வின், மூலக் கடிதங்களையும் கிரிஸ்வோல்ட் அச்சிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எந்த வரி எட்கருடையது, எது செருகியது என்பது கண்ணுக்கே தெரிந்தது. எட்கர் இறந்து 92 வருடம் ஆகியிருந்தது.

கல்லறையும் லேசில் அமையவில்லை. விரல் விட்டு எண்ணும் ஆட்கள்தான் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத குழி அது. உறவினர் ஒருவர் பிறகு கல்லுக்கு ஏற்பாடு செய்தார், செதுக்கிய கல் பட்டறையில் இருந்தபோது தடம் புரண்ட ரயில் அதன் மேல் ஏறி உடைத்துவிட்டது. கடைசியில் பால்டிமோர் பள்ளி ஆசிரியைகளும் மாணவர்களும் காசு சேர்க்க ஆரம்பித்து, 1875 நவம்பர் 17 அன்று வெள்ளைப் பளிங்கில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அழைக்கப்பட்ட பெரிய கவிஞர்களில் நேரில் வந்தவர் வால்ட் விட்மன் மட்டும்.

அந்தக் கல்லில் பிறந்த தேதி ஜனவரி 20 என்று செதுக்கியிருக்கிறார்கள். எட்கர் பிறந்தது 19-ம் தேதி.